நாடுகளை நிறுக்கும் வாத்தியார்

கத்தரிக்கோலைத் திருப்பவே மாட்டார், அட்டையைத்தான் திருப்புவார். வலது கையில் கத்தரிக்கோல் ஒரே இடத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். இடது கை அட்டையை மெல்ல மெல்லச் சுற்றிக் கொடுக்கும். ஏதோ ஒரு நாட்டின் கடற்கரை மேசை மேல் சுருள் சுருளாக உதிரும். வளைகுடா வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார். தீவுகள் உள்ள நாடு என்றால் அன்றைக்கு மதியச் சாப்பாடு பாதிதான். ஒவ்வொரு தீவையும் தனியாக வெட்டி, காணாமல் போகாதபடி தீப்பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார்.

இதெல்லாம் நடந்து வந்தது என் ஆய்வகத்தில். ‘என்’ என்று வாய் நிறையச் சொல்கிறேனே தவிர, நான் அங்கே வெறும் உதவியாளர். பௌதிகப் பாடத்துக்கான சாமான்களைத் துடைத்து, எண்ணி, பூட்டி வைப்பது என் வேலை. பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு ‘லேப் அக்கா’ என்று பெயர். தலைமையாசிரியைகூட அப்படித்தான் கூப்பிடுவார். பூகோளம் நடத்துகிற இந்த மனிதர் மட்டும் ஆறு வருடத்துக்கு முன்னால் முதல்முதலாக வாசலில் வந்து நின்று, “மேடம், உள்ள வரலாமா?” என்று கேட்டார். என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் மயங்கித்தான் தராசைக் கொடுத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து அவரும் அக்காவுக்கு இறங்கிவிட்டார். அதற்குள் தராசு போனது போனதுதான்.

அது பழைய தராசு. இரண்டு பித்தளைத் தட்டு, நடுவில் ஒரு முள், சுற்றிலும் கண்ணாடிப் பெட்டி, பின்பக்கம் கையை விட ஒரு சின்னக் கதவு. மின்சாரத் தராசுகள் வந்த பிறகு இதை யாரும் சீண்டுவதில்லை. நான்தான் மாதம் ஒருமுறை துடைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து வைப்பேன். அதில் அவர் நாடுகளை நிறுத்தார். பிள்ளைகள் அவருக்கு ‘தராசு சார்’ என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர் அறையில் ‘வெளிநாட்டு வாத்தியார்’. இரண்டில் எது அவருக்குப் பிடிக்கும் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

இந்தக் கூத்து தொடங்கியது அவருடைய முதல் பரீட்சைத் தாளிலிருந்து. உலகத்திலேயே பெரிய நாடு எது என்று கேட்டிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் ‘எல்லா நாடும் ஒரே அளவு’ என்று எழுதியிருந்தார்கள். மனிதருக்குத் தலை சுற்றிவிட்டது. பிறகு விசாரித்தால், வகுப்பில் இருக்கிற அட்லசில் நாட்டுக்கு ஒரு பக்கம். பெரிய நாட்டுக்கும் ஒரு பக்கம், சுண்டைக்காய் நாட்டுக்கும் ஒரு பக்கம். பக்கத்தை நிரப்பியபடி எல்லாமே கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகள் வேறு எதை எழுதுவார்கள்? கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் அளவு போட்டிருப்பதை அச்சடித்தவரே படித்திருக்க மாட்டார்.

சுவரில் தொங்கிய உலகப் படமும் அவருக்கு ஆகாது. “தட்டையான படம் மேலயும் கீழயும் இழுத்து வச்சுப் பொய் சொல்லும்க்கா. உருண்டைகிட்டதான் கேக்கணும்” என்பார். பெரிய பூகோள உருண்டை மேல் மெல்லிய தாளை ஒட்டவைத்து நாட்டை நகலெடுப்பார். பிறகு கட்டம் போட்டு, ஒன்றுக்குப் பத்தாகப் பெரிதாக்கி அட்டையில் வரைவார். எல்லா நாட்டையும் ஒரே அட்டையில்தான் வெட்ட வேண்டும் என்பதில் மட்டும் அவர் பிடிவாதம் பேர்போனது. “அட்டை மாறினா நியாயம் மாறிடும்” என்பார். ஒருமுறை அட்டை பத்தாமல் போய், நான் மருந்துப் பெட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் வகுப்பு நடக்கும்போது நான் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு. தராசுக்குத் துணை என்று சொல்லிக்கொள்வேன். பிள்ளைகள் நாட்டின் அளவை எதையெல்லாம் வைத்து முடிவு செய்து வைத்திருந்தார்கள் என்பதைக் கேட்டால் சிரிப்பு அடங்காது. பந்தாட்டத்தில் ஜெயிக்கிற நாடு பெரிது. விமான டிக்கெட் விலை அதிகமான நாடு பெரிது. நம்முடையது ரொம்பப் பெரிது, ஏனென்றால் பெரியம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போவதற்குள் இரண்டு தரம் வாந்தி வருகிறது. அவர் எதற்கும் சிரிக்க மாட்டார். “உத்தேசமா பேசாத. வச்சுப் பாரு” என்று அட்டையைக் கையில் கொடுப்பார். அந்தப் பிள்ளை அட்டையைத் தட்டில் வைக்கும். தட்டு இறங்கும், அல்லது மேலே போகும். வகுப்பு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்க்கும்.

தன்னுடைய சொந்த நாட்டை மட்டும் அவர் நிறுத்ததே இல்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் அது படத்துக்குள் அடங்காமல், கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாகப் போடப்பட்டிருக்கும். மூலையில் கிடப்பதால் அது சின்ன நாடு என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஒரு நாள் ஒரு பெண் எழுந்து வெகுளியாகக் கேட்டது: “உங்க நாட்டுல இடம் பத்தலன்னுதான் இங்க வந்தீங்களா சார்?”

“இடமெல்லாம் தாராளமா இருக்கும்மா. வேலைதான் பத்தல” என்றார். உடனே பாடத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு ஆய்வகத்தில் நான் விடவில்லை. “ஒரு தடவை வச்சுக் காட்டிட வேண்டியதுதான சார்? வாயை மூடிக்குவாங்க.”

“வந்த எடத்துல நம்ம வீட்டுப் பெருமை எதுக்குக்கா. நாம வாடகைக்கு இருக்கறவங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

வாடகை என்பது சும்மா பேச்சுக்கு அல்ல. நகல் எடுக்கிற கடைக்கு மேலே ஒன்றரை அறையில் அவரும் மகளும் இருக்கிறார்கள். மனைவி சொந்த நாட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முகம். நான் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கீழே இருக்கிற இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி, கட்டி, கயிறு சுற்றி, நின்றபடி. ஊருக்குக் கிளம்புகிறார்களோ என்று பயந்துபோய்க் கேட்டேன்.

“வருஷக் கடைசியில ஒரு லெட்டர் வரும்க்கா. இருக்கச் சொல்லியும் வரும், போகச் சொல்லியும் வரும். பெட்டிய அப்புறம் போய்த் தேட வேணாம் பாருங்க” என்றார். மகள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு, அப்பாவிடமே பூகோளம். பள்ளிக்கூடத்துக்குள் அவர் அவளுக்கு சார். ஒரு நாளும் அப்பா என்று வாய் தவறியதில்லை. தெருவில் வரும்போதே இருவருக்கும் பத்தடி இடைவெளி இருக்கும். சலுகை என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பது அவருடைய பயம். ஒருமுறை சதுர கிலோமீட்டர் என்று போட மறந்ததற்கு அவளுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் குறைத்தார். மற்றவர்களுக்கு ஒன்று. அவள் ஆய்வகத்துக்கு வந்து, “அக்கா, நான் ஸ்கூல் மாறிடறேன். எங்கப்பா இல்லாத ஸ்கூலா ஒண்ணு பாருங்க” என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், கண்ணில் தண்ணீர் இருந்தது.

இனி போன மாதக் கதை. அன்று அவருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. “நீங்களே ரெண்டு நாட்டை வெட்டி நிறுத்து வைங்க” என்று பத்தாம் வகுப்பிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எந்த இரண்டு என்று சொல்லவில்லை. வகுப்பிலேயே உயரமான பெண் ஒருத்தி, பஸ் முதலாளியின் மகள், எங்கள் நாட்டையும் அவருடைய நாட்டையும் எடுத்துக்கொண்டாள். அவளிடம் விஷமம் எதுவும் கிடையாது. சாருக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்றுதான் நினைத்தாளாம். உருண்டையிலிருந்து நகல், கட்டம், ஒரே அட்டை, எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடி. கத்தரிக்கோலைத் திருப்பாமல் அட்டையைத் திருப்பித்தான் வெட்டினாள், நானே பார்த்தேன். தட்டில் வைத்ததும் இடது பக்கம் அவர் நாடு டக்கென்று இறங்கி உட்கார்ந்தது. எங்கள் நாடு மேலே போய் ஆடியது. இன்னொரு எங்கள் நாட்டை வெட்டி வைத்தாள். போதவில்லை. மூன்றாவதையும் வைத்தபிறகுதான் முள் இந்தப் பக்கம் சாய்ந்தது. வகுப்பு கைதட்டியது.

கைதட்டல் கேட்டு அவர் ஓடிவந்தார். தராசைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “யாரு இதைச் செய்யச் சொன்னது?” என்று கேட்டபடி அட்டைகளை எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, தன்னை மறந்து, “வெட்டு சுத்தமா இருக்கு” என்று சொல்லிவிட்டார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். அது அவர் வாயில் வராது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெண், “அப்பா, நம்ம நாடு சார் நாட்டுல பாதிகூட இல்லப்பா” என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். பஸ் முதலாளி எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறார். மறுநாளே கடிதம் வந்தது. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர், நம் பிள்ளைகள் முன்னாலேயே நம் நாட்டைத் தராசில் வைத்துக் கேவலப்படுத்துகிறார், இவருக்கு இன்னொரு வருட வேலை தேவையா என்று யோசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த மாதம்தான் அவருடைய வேலையை நீட்டிக்கிற கடிதம் குழுவின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

கையெழுத்து விழாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வருடம் முடிந்ததும் அவர்கள் இருவரும் இங்கே தங்குவதற்கான அனுமதி முடிந்துவிடும். பொதுப் பரீட்சை அதற்கு மூன்று மாதம் கழித்து. அவள் எழுத முடியாது. அங்கே பாடத்திட்டம் வேறு. போனால் எட்டாம் வகுப்பிலிருந்து திரும்ப உட்கார வேண்டும். பதினைந்து வயதுப் பெண்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். என்னையும் அவரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“தராசு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். யார் மேலயும் தப்பில்ல. லேப் அக்கா ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுவாங்க. சார் கிளாஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா, பஸ் முதலாளியும் வந்து கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்னு சொல்லியிருக்காரு.”

நான் எழுதினேன். இருபத்தொரு வருடமாக நான் துடைத்து வைத்த தராசு, இடது தட்டு தாழ்ந்து நிற்கும் பழுதுடையது என்று என் கையாலேயே எழுதி, தேதி போட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆய்வகத்துக்கு வந்து அவர் அந்தத் தாளைப் படித்தார்.

“அக்கா, இது நெஜமா?”

“இல்ல சார். நேத்துக்கூடப் பாத்தேன். முள்ளு நடுவுலதான் நிக்குது.”

“அப்ப ஆறு வருஷமா நாங்க நிறுத்ததெல்லாம் தப்புன்னு ஆயிடும். எல்லா நாடும்தான்க்கா. இனிமே எது சொன்னாலும் இந்தப் பிள்ளைங்க வச்சுப் பாக்க மாட்டாங்க. தராசே பொய் சொல்லும்னு நானே சொல்லிட்டா, அப்புறம் யாருகிட்ட போய்க் கேப்பாங்க?”

“பொண்ணு பரீட்சை எழுதணுமா வேணாமா சார்?”

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வேறு எதைக் கேட்டிருக்க முடியும் என்றும் தெரியவில்லை. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று எதையும் வெட்டவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மூன்றாவது பீரியட். தராசை நான்தான் தூக்கிக்கொண்டு போய் மேசை மேல் வைத்துவிட்டு, வாசல் பக்கச் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். தலைமையாசிரியை எனக்குப் பக்கத்தில் நின்றார். பஸ் முதலாளி கடைசி பெஞ்சில், முழங்கால் இரண்டும் முட்ட, தன்னைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

வாத்தியார் மேசைக்குப் பின்னால் நின்று, பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னார். “போன வாரம் நாம நிறுத்துப் பாத்தோமே, அதுல ஒரு பிழை நடந்துபோச்சு. தராசுல கோளாறு. அந்தப் பக்கத்தை நோட்டுல அடிச்சிடுங்க.”

நாற்பது நோட்டுகள் திறக்கிற சத்தம் கேட்டது. அடிக்கிற சத்தம் கேட்கவில்லை. அந்த உயரமான பெண் எழுந்தாள்.

“இல்ல சார். நிறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் அம்பது கிராம் வச்சுப் பாத்தேன். முள்ளு நடுவுலதான் நின்னுச்சு. எப்பவும் முதல்ல அதைத்தான் பாக்கணும்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?”

பின்னாலிருந்து அவளுடைய அப்பா தொண்டையைக் கனைத்தார். “கெட்டுப்போன தராசுதான வாத்தியாரே, அதையும் காட்டிடுங்களேன். பிள்ளைங்களுக்குச் சந்தேகம் தீந்துபோயிடும்.”

முந்தின நாளே நான் இடது தட்டின் கொக்கியைக் கொஞ்சம் வளைத்து வைத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. காகிதத்தில் பழுதாக்கினேனே ஒழிய, தராசைப் பழுதாக்க எனக்குத் தோன்றவில்லை. பொய்யிலும் அரைகுறை வேலைதான் நான் செய்வது.

வாத்தியார் பெட்டியின் பின்கதவைத் திறந்தார். இடது தட்டில் ஒரு ஐம்பது, வலது தட்டில் ஒரு ஐம்பது வைத்தார்.

“யாராவது ஒரு பிள்ளை வந்து முள்ளைப் படிக்கட்டும்” என்றார் பஸ் முதலாளி. கண்ணை ஓட்டி, “அந்த மூணாவது பெஞ்சுப் பொண்ணு. ஆமா, நீதாம்மா. வா” என்றார்.

அவள் வாத்தியாரின் மகள் என்று அவருக்குத் தெரியாது. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உயரமான பெண்கூட நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வந்து, வகுப்புக்கு முதுகு காட்டி, தராசுக்கு முன்னால் குனிந்தாள். வாத்தியாரின் வலது கை மேசை மேல் இருந்தது. இடது கையைப் பின்கதவிலிருந்து அவர் இன்னும் எடுக்கவில்லை. சுண்டுவிரல் இடது தட்டின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் நின்ற எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில் இருந்த அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் விரலைப் பார்த்தாள். பிறகு முள்ளைப் பார்த்தாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“நடுவுல இல்ல சார். ரெண்டு கோடு தள்ளி நிக்குது.”

குரல் கணீரென்று இருந்தது. பஸ் முதலாளிக்குத் தானும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். பெஞ்சில் கையை ஊன்றி, பாதி எழுந்து, கழுத்தை நீட்டினார். பெஞ்சு கிரீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து, வாத்தியாரின் கையை வகுப்பிலிருந்து மறைத்துக்கொண்டு நின்றாள்.